டிவிக்கு யுபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா? செங்கோட்டைக் காற்றுக்கு ஏற்ற கணக்கு

ஆனி பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று செங்கோட்டை, புளியரைப் பக்கம் மரக்கிளைகளை மின்கம்பியில் உரச விடும். கரண்டு போகும், இரண்டு நிமிஷத்தில் வரும், மறுபடி போகும். அதனால் ஹோம் தியேட்டருக்கு பேட்டரி வாங்குகிறவர்கள், எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்பதற்கு முன்னால், கரண்டு போகிற நொடியில் டிவி அணையாமல் நிற்குமா என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டருக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ் ரூ.3,000 சுமாருக்குக் கிடைக்கும். பெயரில் 600 இருந்தாலும் அது பொதுவாகத் தாங்குவது 360 வாட்தான். உள்ளே 12 வோல்ட், 7 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. 120 வாட் இழுக்கும் 55 இன்ச் டிவியை அது 20 நிமிஷம் ஓட்டினால் நல்லது. பேட்டரி பழசானால் அதுவும் குறையும். ஆனால் கரண்டு போன சில மில்லி செகண்டுகளில் மாறிவிடுவதால் படம் நிற்காது. டிவிக்கு மட்டும் என்றால் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவரையும், அடிநாதத்துக்கான சப்வூஃபரையும் அதிலேயே சேர்த்து மாட்டினால்தான் சிக்கல். இந்த மலிவு யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தருவது படிப்படியாக வெட்டின அலை. டிவிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை அதைத் தாங்கிக்கொள்ளும். ரிசீவரில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இரையும், சூடாகும். எங்கள் வீட்டில் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தபோது, படத்தில் ஆள் பேசாத இடமெல்லாம் சப்வூஃபரின் 'ம்ம்ம்' சத்தம்தான். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இன்வெர்ட்டர் இல்லாமல் லைன் கரண்டில் சுத்தமாகப் பாடியது.

அதனால் முழு செட்டும் ஓட வேண்டுமென்றால், லைன் கரண்டு போலவே வெட்டில்லாத அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான். 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியோடு புதிதாக வாங்கினால் ரூ.20,000 பக்கம் வரும். ஆனால் இங்கே பல வீடுகளில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது ஏற்கெனவே இருக்கிறது. சைன் வேவ்தானா என்று பார்த்துக்கொண்டு டிவி பாயிண்டுக்கு ஒரு லைன் இழுத்தால் போதும். டிவியும் ரிசீவரும் சேர்ந்து 200 வாட் என்றால், நல்ல பேட்டரி தனியாக அதை மட்டும் ஐந்து மணி நேரம் போல ஓட்டும்.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருக்கும் யுபிஎஸ் மோடு சுவிட்சை மறக்காதீர்கள். சாதாரண மோடில் மாறுவதற்குக் கொஞ்சம் தாமதமாகும், டிவி அணைந்து முதலிலிருந்து எழும். யுபிஎஸ் மோடில் அது நடக்காது. அதற்குப் பதிலாக, வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிவிடும். சாயங்காலமானால் வோல்டேஜ் குறையும் தெரு என்றால் பேட்டரி சீக்கிரம் தேயும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதையும் தள்ளிப்போடக் கூடாது.

லித்தியம் பேட்டரி இடத்தை அடைக்காது, தண்ணீர் கேட்காது, பல வருஷம் உழைக்கும். ஆனாலும் மலிவாக வேண்டும் என்பவருக்கு இன்றைய விலையில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லேம்ப் புரொஜெக்டர் வைத்திருந்தால் கதை வேறு. கரண்டு போனால் உள்ளே இருக்கும் ஃபேனும் நின்று, சூட்டில் லேம்பின் ஆயுள் குறையும். அதற்குத் தனியாக 1000 விஏ யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். அப்புறம் வைஃபை ரூட்டர்: டிவி ஓடிக்கொண்டிருந்தும் ரூட்டர் அணைந்தால் ஓடிடி படம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும்.

ஐப்பசியில் இடி இறங்கும்போது இதில் எதையும் நம்ப வேண்டாம். எங்களுக்கு லைன் இழுத்த எலக்ட்ரீஷியன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணாச்சி, ப்ளக்கைப் பிடுங்கினா மட்டும் போதாது. டிவி பின்னால போற டிஷ் கேபிளையும் கழட்டிப் போட்டுருங்க."