கே வகை தெர்மோகப்பிளுடன் சில வருடங்கள்: காட்பாடி மாடியிலிருந்து

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடி ஷெட்டில் சின்னதாக ஒரு மின்சூளை ஓடுகிறது. நண்பர்கள் சிலர் சேர்ந்து களிமண் வில்லைகளில் விதவிதமான மெருகு பூசிச் சுட்டுப் பார்ப்போம். சூட்டை அளக்க, பீங்கான் மணி கோத்த சாதாரண கே வகை தெர்மோகப்பிள்: இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்தது, சூட்டுக்கேற்ப சின்ன மின்னழுத்தம் தரும், அதை மீட்டர் டிகிரியாகக் காட்டும். வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் இது அவசரக்காரர்களுக்கான பொருள் இல்லை.

கரிகிரியில் மண்பாண்டம் செய்யும் பெரியவர் ஒருவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "என்னா தம்பி, நெருப்பு நெறத்தப் பாத்தாலே தெரியாதா?" என்றார். "உங்களுக்குத் தெரியும் பெரியவரே, எங்களுக்கு இதுதான் கண்ணு" என்று மீட்டரைக் காட்டினோம். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

முதலில் கம்பி எது பிளஸ், எது மைனஸ் என்பது. அமெரிக்க நிறக் கணக்கில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். வீட்டு வயரிங்கில் சிவப்பை லைவ் என்று பழகிய எலக்ட்ரீஷியன் அதை மாற்றித்தான் முடுக்குவார். சூளை சூடாக ஆக எண் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். ஒரு காந்தம் போதும்: ஒட்டுகிற கம்பி அலுமெல் என்ற உலோகக் கலவை, அதுதான் மைனஸ். ஒட்டாதது குரோமெல் என்ற இன்னொரு கலவை.

அடுத்தது வேலூர் வெயில். தெர்மோகப்பிள் தருவது சூட்டை அல்ல, சூடான முனைக்கும் மீட்டர் முனைக்கும் உள்ள வித்தியாசத்தை. 1000 டிகிரிக்கே மொத்தம் 41 மில்லிவோல்ட்தான். மீட்டர் தன் இணைப்பு முனையின் சூட்டை அளந்து அதோடு கூட்டிக்கொள்கிறது. கத்தரி வெயிலில் ஷெட்டுக்குள் 40 தாண்டிவிடும், சூளைச் சுவரில் இருக்கும் டெர்மினல் பெட்டி 60-க்குப் போகும். அங்கிருந்து மீட்டர் வரை வெறும் செம்பு ஒயர் இழுத்தால், அந்த 20 டிகிரியும் கணக்கில் காணாமல் போகும். கே வகைக் கம்பிக்கு ஈடான மின்னழுத்தம் தரும் காம்பன்சேட்டிங் கேபிளைக் கடைசிவரை கொண்டுபோவது செலவுதான், வேறு வழி இல்லை. மீட்டரை ஃபேன் காற்றுக்கு நேராக வைக்காமல், ஓரிடத்தில் அரைமணி நேரம் அமர விட்டுப் படித்தால் எண் நிலைக்கிறது.

எங்கள் பொறுமை அதிகம் செலவானது வேறு இடத்தில். மின்னழுத்தம் முனையிலிருக்கும் குண்டில் பிறக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது கம்பி நெடுக, சூடு ஏறி இறங்கும் பகுதியில் பிறக்கிறது. பெரும்பாலும் சூளைச் சுவரைத் தாண்டும் அந்தச் சில அங்குலத்தில். பலமுறை சுட்ட கம்பி அங்கே ஆக்சிஜனால் மாறிப்போயிருக்கும். அதைக் கழற்றி வேறு ஆழத்தில் செருகினால், அதே சூட்டுக்கு வேறு எண் காட்டும். அதனால் பழைய கம்பியை வெளியே எடுத்துச் சோதிப்பதில் அர்த்தம் இல்லை. சூளைக்குள் இருந்தபடியே, பக்கத்தில் புதுசு ஒன்றைச் செருகி ஒப்பிட வேண்டும். சூளை ஒரே சூட்டில் நிற்கும் வரை காத்திருந்து, ஹீட்டரை அணைத்துவிட்டுப் படிக்க வேண்டும். ஹீட்டர் கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடும்போது செங்கல் வழியாகக் கசியும் மின்சாரம் எண்ணை ஆட வைக்கும். ஒரு ஒப்பீட்டுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வீட்டில் யாருக்கும் இது பிடிக்காது.

ஐஸ் தண்ணீர், கொதிநீர் சோதனை மீட்டரைச் சரிபார்க்க மட்டுமே. நம்மூர் கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்கு மேல் என்பதால் கொதிநீர் 99-ஐ ஒட்டித்தான் காட்டும், பயப்பட வேண்டாம். அதிகச் சூட்டில் சரிபார்க்க வெள்ளி உருகுவதைப் பார்ப்போம்: சுத்த வெள்ளி 961.8 டிகிரி. கொலுசுத் துண்டு உதவாது, அதில் செம்பு கலந்திருக்கும், முன்னாலேயே இளகிவிடும். சுத்த வெள்ளியும் திறந்த காற்றில் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டு பத்து டிகிரி போல முன்னாலேயே உருகும். மேலே கரித்தூள் மூடினால் சரி. தங்கம் இன்னும் நல்லது, 1064.2 டிகிரி, காற்றால் கெடாது. ஆனால் இன்றைய விலைக்கு யாருக்கு மனசு வரும்?

துல்லியம் பற்றி ஒன்று: சாதாரண கே வகைக்கு ஏற்கப்பட்ட பிழையே 0.75 சதவீதம், அதாவது 1000 டிகிரியில் ஏழரை டிகிரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் ஓடும் இலக்கத்தைப் பார்த்து யாரும் சண்டை போட வேண்டாம்.

மெல்லிய கம்பி மலிவு என்று வாங்காதீர்கள், 1100-க்கு மேல் சீக்கிரம் நொறுங்கும். தடித்தது மெதுவாக எண் காட்டினாலும் நின்று உழைக்கிறது. இடுக்கான, காற்று குறைவான குழாய்க்குள் வைத்தால் குரோமெல் மட்டும் பச்சையாக அரித்துப்போய், எண் குறைவாகக் காட்டும். அதற்கு மாற்றாக இப்போது 'N' வகை தெர்மோகப்பிள் ஒன்றையும் பக்கத்தில் போட்டிருக்கிறோம். தினமும் 1200-ஐத் தாண்டுபவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, காசு சேர்த்துப் பிளாட்டினக் கம்பி எஸ் வகைக்குப் போவதே நல்லது.