கொலினைட் 845: சொட்டுக் கணக்கில் பூச வேண்டிய கார் வாக்ஸ்

கொலினைட் 845 இன்சுலேட்டர் வாக்ஸ் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. மாதக்கணக்கில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடுகிறது என்பது ஒன்று. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், இன்னும் திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்பது இன்னொன்று. இரண்டு பேர் வைத்திருப்பதும் ஒரே பாட்டில்தான். பூசிய அளவில்தான் வித்தியாசம்.

இது அமெரிக்கத் தயாரிப்பு. கார்னாபா மெழுகையும் செயற்கை பாலிமர்களையும் பெட்ரோலியக் கரைப்பானில் கலந்த திரவம், 473 மி.லி. பாட்டிலில் வருகிறது. கார்னாபா என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. உருகவே 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். தனியாக எடுத்தால் கல் மாதிரி இருக்கும், பூசவே முடியாது. டப்பாவில் 'நூறு சதவீதம் கார்னாபா' என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் மெழுகில் வேறு வகை மெழுகு கலக்கவில்லை என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். டப்பா முழுக்க அதுதான் என்று அர்த்தம் இல்லை. 845 அப்படி எதையும் பெரிதாக அளப்பதில்லை, அந்த வகையில் நேர்மையான பாட்டில்.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இது கீறலைத் தேய்த்து எடுக்கும் பாலிஷ் இல்லை. வெயிலில் சிலந்திவலை போலத் தெரியும் வட்டக் கீறல்கள் இதைப் பூசினால் மறையாது. பளபளப்பு கூடியதில் இன்னும் எடுப்பாகத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை. கீறல் போக வேண்டுமென்றால் முதலில் பாலிஷ், பிறகுதான் வாக்ஸ்.

பூசுவதற்கு முன் வண்டியைத் தயார்செய்யும் வேலையில் சுருக்குவழி கிடையாது. ஷாம்பூ போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்தபின், கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து பானெட்டின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகப் பட்ட இடம்கூடப் பைக்குள் சொரசொரவென்று நெருடும். தார்ப் புள்ளி, இரும்புத் தூள், மரப்பிசின் எல்லாம் ஷாம்பூவுக்கு அசையாதவை. அழுக்கை ஒட்டி இழுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரை நிறைய வழுக்கு திரவத்தோடு, அழுத்தாமல் ஓட்டினால் போய்விடும். கீழே விழுந்த கிளே துண்டைத் திரும்ப எடுத்துத் தேய்க்கக் கூடாது. ஒட்டிய மணல் பெயின்ட்டில் கோடு போடும்.

இனி பூசும் வேலை. வண்டி நிழலில் நிற்க வேண்டும், புறங்கையை வைத்தால் தகரம் குளிர்ச்சியாகப் பட வேண்டும். சூடான தகரத்தில் கரைப்பான் சட்டென ஆவியாகி, மெழுகு பரவுவதற்குள் இறுகிவிடும். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். குளிர்காலத்தில் உள்ளே கெட்டிப்பட்டு வெளியே வர மறுக்கும். மூடியை இறுக்கி வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும். கரைப்பான் தீப்பிடிக்கக்கூடியது, அடுப்பு பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஸ்பாஞ்ச் பேடில் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு. ஒரு கதவுக்கு அது தாராளம். நேர்க்கோடாக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை. பூசிய இடம் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி போல லேசாக மங்கினால் சரி. வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். ஒரு நடுத்தர காருக்கு மொத்தம் 25 முதல் 30 மி.லி. போதும். அந்தக் கணக்கில் ஒரு பாட்டில் 15 முறைக்கு மேல் வரும். இரண்டு மூன்று தடவையிலேயே பாட்டில் பாதியாகிவிட்டால் எங்கே தவறு என்று தேட வேண்டியதில்லை.

மற்ற வாக்ஸ்களைப் போல முழு காருக்கும் பூசிவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கம் இதற்கு ஆகாது. ஒவ்வொரு பகுதியாகப் பூசி, சில நிமிடம் கழித்து விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம். பிசுபிசுத்து இழுவினால் இன்னும் கொஞ்சம் பொறுக்கணும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் இந்த நேரம் நீளும். இரண்டு மைக்ரோஃபைபர் துணி வேண்டும்: முதலாவது மெழுகை எடுக்க, இரண்டாவது மினுக்க. முதல் துணியின் மடிப்பை அடிக்கடி மாற்றாவிட்டால் எடுத்த மெழுகையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள்.

காய்ந்து இறுகிப்போன திட்டை அழுத்தித் தேய்க்காதீர்கள், கீறல்தான் விழும். அதன் மேலேயே ஒரு சொட்டு புது வாக்ஸ் தடவி உடனே துடையுங்கள். புதிதில் உள்ள கரைப்பான் பழசை இளக்கிக் கொண்டு வந்துவிடும். ஒரு நாள் விட்டு இரண்டாவது கோட் அடிக்கலாம். அது கனம் கூட்டுவதற்கு அல்ல, முதல் முறை விட்டுப்போன இடத்தை மூடுவதற்கு. மூன்றாவது கோட் வீண் வேலை.

ஆயுள்? வெளியே நிற்கும் வண்டிக்கு நான்கைந்து மாதம் எதிர்பார்ப்பது நியாயம். கூரையும் பானெட்டும் முதலில் தேயும். முத்து நிற்கவில்லை என்றதும் வாக்ஸ் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் மேலே படிந்த அழுக்குதான் காரணம், ஷாம்பூ போட்டுக் கழுவிய பிறகு பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் வாக்ஸையும் அரிக்கும், அதனால் கழுவுகிறவர்கள் ஆயுள் குறைந்தது என்று புகார் சொல்வதற்கில்லை. பறவை எச்சத்துக்கு எந்த வாக்ஸும் முழுக் கவசம் ஆகாது, கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான். உப்புத்தண்ணீரில் கழுவினால் அந்த அழகான முத்துகளே காய்ந்து வெள்ளை வளையமாக நிற்கும், ஈரத்தோடு துடைத்தாக வேண்டும்.

இதே கம்பெனியின் 476எஸ் பேஸ்ட் கூடுதல் நாள் தாங்கும், பரப்புவதற்குத்தான் கை வலிக்கும். சாஃப்ட்99 ஃபூஸோ கோட் என்ற வேறு கம்பெனி வாக்ஸின் டப்பா 12 மாதம் தாங்கும் என்கிறது. நீடிப்பில் அது முந்தும், ஆனால் வாடை கடுமை, காயவிட்டால் எடுப்பதும் சிரமம். ஸ்ப்ரே வாக்ஸ் வேலை சுலபம், பெரும்பாலானவை சில வாரத்தோடு சரி. மாதாமாதம் ஆசையாகத் துடைப்பவருக்கு ஸ்ப்ரே போதும். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறைதான் கை வைப்பேன் என்பவருக்கு 845ஐத்தான் கை காட்டுவோம்.

மேட் பெயின்ட்டுக்கு இது வேண்டாம், பளபளப்பு திட்டுத் திட்டாக ஏறிவிடும். புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதிக்குக் குறைந்தது 30 நாள் பொறுங்கள், பெயின்ட்டில் உள்ள கரைப்பான் வெளியேற வேண்டும். முன் கண்ணாடியில் பட்டால் வைப்பர் இழுக்கும்போது படலம் கட்டும். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கறை நிற்கும். ஆரம்பத்திலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ஒட்ட மறந்து கறை விழுந்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும்.