செங்கல்பட்டிலிருந்து கோட்டை வரை: ஹைபிரிட் சைக்கிள் ஒரு நாள் முழுதும் ஈடுகொடுக்குமா?

செங்கல்பட்டில் விடியுமுன் கிளம்பி, ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் புனித ஜார்ஜ் கோட்டையையும் மெரினாவையும் எட்டி, இருட்டும் வேளைக்குள் வீடு திரும்பினால் 110 கி.மீ.க்குக் குறையாது. இந்தப் பயணத்துக்கு எந்த சைக்கிள் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, முன்பக்கம் சஸ்பென்ஷன் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) இல்லாத, பந்தய சைக்கிளுக்கும் மலைப்பாதை சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகையான 21 கியர் ஹைபிரிட் சைக்கிளையே நான் பரிந்துரைப்பேன். இது ஒரு நிறுவனத்தின் தனி மாடலைப் பற்றிய மதிப்புரை அன்று. 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கும் அந்த வகையைப் பற்றியது.

‘சஸ்பென்ஷன் இல்லாத’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடையில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான முன்ஃபோர்க்கை அமுக்கிக் காட்டி, மேடுபள்ளத்தில் கை வலிக்காது என்பார்கள். ஆனால் அந்த விலையில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் எடையைக் கூட்டுவதோடு, வண்டலூர் மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் கீழிறங்கி மேலெழுந்து, முன்னே செலுத்த வேண்டிய விசையில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடுகிறது. சாலையின் அதிர்வைத் தாங்க நல்ல டயரும் அளவான காற்றும் போதும்.

டயர்தான் இவ்வகை சைக்கிளின் பெரும்பலம். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பகுதிகளில் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் ஒதுங்கி ஒதுங்கிச் செல்லும்போது சாலையோர மணலிலும் சரளையிலும் இறங்கத்தான் வேண்டியிருக்கும். பந்தய சைக்கிளின் 25 மி.மீ. டயர் அங்கே வழுக்கும். மலைப்பாதை சைக்கிளின் பட்டை பட்டையான டயரோ மணலைச் சமாளித்தாலும் தார்ச்சாலை முழுதும் இழுத்துக்கொண்டே வரும். 700சி எனப்படும் பெரிய அளவுச் சக்கரத்தில் 35 மி.மீ. டயர் இரண்டுக்கும் ஈடுகொடுக்கிறது. வாங்கும்போது டியூபின் வால்வையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றடித்துக்கொள்ளலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் சிறிய அடாப்டர் ஒன்று பையில் இருந்தே ஆக வேண்டும். சாலையோரப் பஞ்சர் கடைகளில் அது கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

சென்னைக்குள் போக 21 கியர் எதற்கு, மலையா ஏறப் போகிறோம் என்று பலர் கேட்கிறார்கள். மலை இல்லைதான், காற்று இருக்கிறதே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காலையில் காற்று முதுகைத் தள்ளிக்கொடுக்கும். திரும்பும் வழியில் அதே காற்று எதிரே நிற்கும். கால் களைத்துப்போன அந்த வேளையில் வேகத்தை விட்டுக்கொடுத்து, இரண்டு கியர் குறைத்து, ஒரே சீராக மிதித்துவர முடிவது முழங்காலுக்குச் செய்யும் பெரிய உதவி. நகருக்குள், சைதாப்பேட்டையிலும் நந்தனத்திலும் சிக்னலுக்கு நிற்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். சக்கரம் நின்றபின் லீவரைத் தட்டினால் செயின் மாறாது. பச்சை விளக்கு விழுந்ததும் பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்க, கனமான கியரில் தள்ளாடிக்கொண்டு கிளம்ப நேரிடும்.

குறை என்று சொன்னால் முதலில் ஹேண்டில்பார். நேரான ஹேண்டில்பார் அண்ணா சாலை நெரிசலில் மிக வசதியானது: தலை நிமிர்ந்திருக்கும், பிரேக் எப்போதும் விரலடியில் இருக்கும். ஆனால் கையை மாற்றிப் பிடிக்க வேறு இடமில்லாததால், தாம்பரம் தாண்டும்போதே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகத் தொடங்கும். உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு நெடுநேரம் அழுந்துவதால் வருவது இது. இரு முனைகளிலும் பொருத்தும் பார் எண்ட் எனப்படும் கொம்புகள் இதற்கு நல்ல தீர்வு. கூடவே சீட்டின் முனை கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சரிந்திருந்தால் உடலின் பாரம் முழுதும் கைக்கே வந்து சேரும்.

இரண்டாவது குறையை என்னால் அவ்வளவு எளிதில் மன்னிக்க முடியவில்லை. இந்த விலை கொடுத்து வாங்கும் பல சைக்கிள்களில் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, விளக்கும் இல்லை. ஐப்பசி மழையில் மட்கார்டு இல்லாமல் போனால் சாலைச் சேறு முதுகில் கோடாக ஏறும். செயினிலும் மணல் புகுந்து கரகரக்கும். கேரியர் இல்லாவிட்டால் தண்ணீரும் மாற்றுச் சட்டையும் முதுகுப்பையில் கனக்க, கோட்டையை அடையுமுன் தோள் இற்றுப்போகும். பின்பக்கச் சிவப்பு விளக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாதது. திரும்பும் வழியில் பெருங்களத்தூரைத் தாண்டி இருட்டிவிட்டால், பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரிவது அதனால்தான். ஆகவே கையிலிருக்கும் பணம் முழுவதையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாமல், இந்தப் பொருட்களுக்கென 2,000 ரூபாயாவது ஒதுக்கிவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அவற்றை அங்கேயே பூட்டித் தரச் சொல்லி, சீட் உயரத்தையும் அளந்து சரிசெய்தபின் வண்டியை வெளியே எடுங்கள்.