குதிகால் சுவிட்ச் என்னும் தலைவலி

ஃபுட் டிராப் ஸ்டிமுலேட்டர், அதாவது நடக்கும்போது தூக்க முடியாமல் தொங்கும் பாதத்தை மின்துடிப்பால் தூக்கிவிடும் என் கருவி, மறுபடியும் சர்வீஸுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், தன் அண்ணனுக்கு வாங்கலாமா என்று கேட்கிறார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முழங்காலுக்குக் கீழே பட்டை, செருப்புக்குள் சுவிட்ச். குதிகால் எழும்பியதும் பாதத்தைத் தூக்கும் நரம்புக்கு மின்துடிப்பு போய்ப் பாதம் தூக்கிக்கொள்ளும், ஊன்றியதும் நின்றுவிடும். 1961இல் அமெரிக்க மருத்துவர் லிபர்சனின் குழுவினர் இப்படியொரு கருவியைச் செய்து காட்டியதும் குதிகால் சுவிட்ச் வைத்துத்தான். இத்தனை வருடம் கழித்தும் முதலில் மண்டையைப் போடுவது அந்த சுவிட்சாகவே இருந்தால் எப்படி?

ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரம் அதன் தலையில்தான் இறங்குகிறது. செருப்பு விளிம்பில் வயர் மடிந்து மடிந்து உள்ளே கம்பி அறுந்துவிடும். மேலே உறை அப்படியே இருக்கும். முழுசாகச் செத்தாலும் பரவாயில்லை. நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒரு அடிக்கு மட்டும் பாதம் தூக்காது, கட்டைவிரல் தரையில் இடறும். நம்பி நடப்பவனைத்தான் அது கவிழ்க்கும். காலின் சாய்வை வைத்தே அடியைக் கண்டுபிடிக்கும் மாடல்களில் இந்த வயரே கிடையாது. என்னுடையது அந்த ரகம் இல்லை.

பட்டை கட்டுவதும் ஒரு கலை. முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே துருத்தும் எலும்பை ஒட்டித்தான் அந்த நரம்பு தோலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. பட்டைக்குள் மின்துடிப்பைத் தோலுக்குக் கடத்தும் ஜெல் பேடு கொஞ்சம் நகர்ந்தாலும் பாதம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பிக்கொள்ளும். ஃபிசியோ பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்தார். வியர்வையில் அதுவும் அழிந்துபோகும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இது வேலை செய்யும்போது இடுப்பைத் தூக்கிக் காலை வீசி நடக்க வேண்டியதில்லை. நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறு: பேசிக்கொண்டே நடக்க முடிகிறது. முன்பெல்லாம் கண்ணும் மனசும் தரையிலேயே இருக்கும். சர்வீஸ் நாட்களில் போட்ட பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் ஒருநாளும் ஏமாற்றவில்லை, ஆனால் கணுக்காலைக் கட்டிப்போட்டுவிடுகிறது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நடைவேகம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தது. பேசிக்கொண்டே நடக்கும் சுகத்தை எந்த ஸ்டாப்வாட்ச் அளக்கும்?

நண்பரின் அண்ணனுக்குப் பக்கவாதத்தால் பாதம் தொங்கினால் முயன்று பார்க்கலாம். முழங்காலில் அடிபட்டு அந்த நரம்பே செத்திருந்தால் பெரும்பாலும் பயன் இருக்காது. பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அப்புறம், ஃபிசியோ முன்னால் மாட்டி நடந்து பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

என் தீர்ப்பு? வாங்காதீர்கள். மீறி வாங்கினால் கூடவே சுவிட்ச் ஒன்று உபரியாக வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்ப்ளின்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதீர்கள்; பட்டை சார்ஜில் இருக்கிறது.