பாலர் வகுப்பில் மரியாதை: வசனமா, நடிப்பா, தண்ணீர்ச் சொம்பா?

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவ சபை. ஞாயிறு ஆராதனைக்கு முன்பு 40 நிமிடம் பாலர் வகுப்பு. 4 முதல் 7 வயது வரை 18 பிள்ளைகள், ஒரு ஜமுக்காளம், ஒரு கரும்பலகை. பெரியவர்களை மதிப்பது என்ற ஒரே பாடத்தை இரண்டு ஆண்டுகளில் நான்கு விதமாக நடத்திப் பார்த்துவிட்டேன். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியர்கள் எது உருப்படியானது என்று கேட்கிறார்கள்.

மரியாதை என்ற சொல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யாருக்குப் பரிவட்டம் என்ற சண்டை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போகிற சீமை இது. நிலபுலன் உள்ளவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று ஐந்து வயதிலேயே தெரிந்துவிடுகிறது. அதே பிள்ளை, கோயிலைப் பெருக்கி மணியடித்து ஜமுக்காளம் விரிக்கிற வயதான கோயில்பிள்ளையை ‘நீ’ என்றும் ‘வா’ என்றும் கூப்பிடும். அதனால் எல்லா வழிகளையும் ஒரே கேள்வியால்தான் எடைபோட்டேன். வகுப்பு முடிந்து வெளியே ஓடுகிற பிள்ளை, வாசலில் நிற்கும் கோயில்பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறது?

மனப்பாட வசனத்துக்குச் செலவே இல்லை, பெற்றோருக்கும் பிடிக்கும். யாத்திராகமம் 20:12-ஐ எடுத்துக்கொண்டேன்: ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக.’ மூன்றே வாரத்தில் 18 பேரில் 15 பேர் தடங்கலில்லாமல் சொன்னார்கள். கனம்பண்ணுவது என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பெண்பிள்ளை, அப்பாவைத் தூக்குவது என்றாள். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தால், அவள் சொன்னதில் அரைவாசி சரி. எபிரேய மூலச் சொல்லுக்கும் பாரம் என்பதே வேர்ப்பொருள். கனமான ஆள் என்று நாமும் சொல்கிறோமே! அடுத்த வாரம் ஒரு கையில் பஞ்சையும் இன்னொரு கையில் அரைச் செங்கலையும் கொடுத்து, அம்மா சொல்லும் வார்த்தையை எதைப் போல நினைக்கிறாய் என்று கேட்டேன். வசனத்தைவிட அந்தச் செங்கல் நன்றாக வேலை செய்தது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் ‘மதித்து நட’ என்று இருக்கிறது. சிறு பிள்ளைக்கு அது நேரடியாகப் புரியும். (பக்கத்துத் தெருக் கத்தோலிக்கப் பிள்ளைகளும் வந்தால், பத்துக் கட்டளைகளில் இது எத்தனையாவது என்று சொல்லாதீர்கள். நமக்கு ஐந்தாவது, அவர்களுக்கு நான்காவது. பாடம் கணக்குச் சண்டையாகிவிடும்.) ஆனால் என் கேள்விக்கு வசனத்திடம் விடை இல்லை. தகப்பன், தாய் என்று கட்டளையே சொல்லிவிட்டதால், கோயில்பிள்ளை அதில் சேரவில்லை என்று பிள்ளைகள் தெளிவாக இருந்தார்கள்.

படத்துக்கு வண்ணம் தீட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள், ஆசிரியருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். படத்தில் இருந்த, ரூத்தின் மாமியார் நகோமியின் சேலைக்கு யாருடைய பச்சை என்று கலர் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள்.

நடிப்பில் சரியான கதையைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. நான் முதலில் தவறான கதையை எடுத்தேன். தன்னைக் கொல்லத் தேடுகிற ராஜாவாகிய சவுலை, தாவீது குகையில் கொல்லாமல் சால்வையின் தொங்கலை மட்டும் வெட்டிக்கொண்டு விடுகிற 1 சாமுவேல் 24-ஆம் அதிகாரம். மேசைமேல் போர்வையைப் போட்டுக் குகை செய்தோம். சவுலின் துண்டில் ஒரு மூலையை முன்கூட்டியே கத்தரித்து ஊக்கால் மாட்டி வைத்தேன். சவுலாக உட்கார்ந்த பையனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை; எல்லோருக்கும் தாவீதாக வேண்டும், எல்லோருக்கும் கத்தரிக்கோல் வேண்டும். முடிவில் தாவீது என்ன செய்தான் என்று கேட்டேன். “துணியை வெட்டினான்!” என்று ஒரே குரலில் பதில் வந்தது. வெட்டியதற்காக அவன் மனது அடித்துக்கொண்டதே, அதுதான் கதையின் உயிர். அதை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். சின்னவர்களுக்குக் கத்தரிக்கோலே கண்ணை மறைத்துவிடுகிறது.

பாலர்களுக்கு ஏற்றது 1 இராஜாக்கள் 2:19. பத்சேபாள் வருகிறாள், ராஜாவாகிய சாலொமோன் எழுந்து எதிர்கொண்டு போய், தாயை வணங்கி, தன் வலதுபக்கத்தில் ஆசனம் போடச் சொல்கிறான். எழுவது, போவது, வணங்குவது, நாற்காலி இழுத்துப் போடுவது: எல்லாமே உடம்பால் செய்கிறவை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் காகிதக் கிரீடமும் போதும். ‘நரைத்தவனுக்கு முன்பாக எழுந்து’ என்ற லேவியராகமம் 19:32-ஐ அப்போது சொல்லிக்கொடுத்தால் தானாகப் பதிகிறது. ஆனால் 19-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள். அடுத்த சில வசனங்களில் சாலொமோன் தாயின் வேண்டுகோளை மறுத்து, அண்ணனையும் கொல்லச் சொல்லிவிடுகிறான். தீர்க்கதரிசி எலிசாவைக் கேலி செய்த 42 பேரைக் கரடி பீறிய கதையைச் சில ஆசிரியர்கள் இந்தப் பாடத்துக்கு எடுக்கிறார்கள். என் வகுப்பில் அதற்கு இடமில்லை. கரடிக்குப் பயந்து ‘வாங்க’ என்கிற பிள்ளை, கரடி இல்லாத இடத்தில் ‘வா’ என்றுதான் சொல்லும்.

நான்காவது வழி, இயேசு சீஷர்களின் காலைக் கழுவுகிற யோவான் 13-ஆம் அதிகாரம். ஒரு பேசின், ஒரு சொம்பு, ஒரு துண்டு. பிள்ளைகள் ஒருவர் காலை ஒருவர் கழுவியபோது அது தண்ணீர் விளையாட்டாகப் போனது. மே மாத வெயிலில் யாரைக் குறை சொல்வது? அடுத்த ஞாயிறு கோயில்பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்தேன். ஒரு பையன் சொம்போடு குனிந்ததும் அவர் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டு, “வேண்டாம் ராசா” என்றார். இயேசு கழுவ வந்தபோது சீஷன் பேதுருவும் வேண்டாம் என்றுதானே சொன்னான்! பித்தவெடிப்பு நிறைந்த பாதம். பையன் விரலால் அந்த வெடிப்பைத் தொட்டுப் பார்த்து, “வலிக்குதா தாத்தா?” என்று கேட்டான். தாத்தா என்ற சொல் அந்த வகுப்பில் அன்றைக்குத்தான் முதலில் வந்தது. வெளியே போகும்போது மூன்று நான்கு பேர் ‘போயிட்டு வர்றோம் தாத்தா’ என்றார்கள்.

வசனத்தாலும் நடிப்பாலும் வராதது சொம்புத் தண்ணீரில் வந்தது. ஆனால் செலவில்லாத வழி என்று நினைத்துவிடாதீர்கள். மாலையில் ஒரு தாயார் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் பையன் போயும் போயும் அவர் காலைத் தொட வேண்டுமா என்று கேட்டார். போயும் போயும் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, இருவருக்கும் தெரியும். இரண்டு ஞாயிறு அந்தப் பையன் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு தானாக வந்து, கோயில்பிள்ளையோடு ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்து விரித்தான். ஆகவே சொம்பைக் கையில் எடுப்பதற்கு முன் குருவானவரிடமும் பெற்றோரிடமும் பேசிவிடுங்கள். நான் பேசாமல் விட்டது தவறு.

இந்த மே மாதம் சாலொமோன் காட்சியைத்தான் மறுபடி போடுகிறோம். பத்சேபாளாக வந்து உட்காரக் கோயில்பிள்ளையின் மனைவியைக் கேட்டிருக்கிறேன். அந்தம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, என்ன கலரில் சேலை கட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.