"உங்கள் கைக்கு இவ்வளவு வரும்" என்று சொல்லும் ஓவிய வியாபாரியிடம் உஷார்

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ, ஓவிய வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, "கமிஷன் கணக்கெல்லாம் எதுக்கு, உங்க கைக்கு இவ்வளவு வரும், மேல வர்றது எனக்கு" என்று பேசினால் தயவுசெய்து படத்தைச் சுவரிலிருந்து இறக்காதீர்கள். எங்கள் சித்தப்பாவுக்கு நடந்ததைப் பார்த்து வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

சித்தப்பா டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்துப் படங்கள் வாங்கியவர். அதில் உசத்தியானது தென்னாப்பிரிக்க ஓவியர் ஜெரார்ட் செகோட்டோவின் நீர்வண்ணப் படம் ஒன்று. தெருக்குழாயடியில் இரண்டு பெண்கள், 1947இல் அவர் பாரிஸுக்குக் கிளம்புவதற்கு முன் வரைந்தது. ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் முதன்முதலாக வாங்கிய கறுப்பினக் கலைஞரின் ஓவியம் செகோட்டோவுடையதுதான், அந்த அளவுக்குப் பெரிய பெயர். சித்திக்கு இடுப்பு அறுவை சிகிச்சை, காப்பீடு பாதிக்குமேல் தரவில்லை, அதனால்தான் மனசே இல்லாமல் விற்கச் சம்மதித்தார்.

வந்த ஆள் அவ்வளவு மரியாதை. சித்தி போட்ட டீயைக் குடித்துவிட்டு, இன்னொரு தென்னாப்பிரிக்க ஓவியர் இர்மா ஸ்டெர்னின் ஓர் ஓவியம் 2011இல் லண்டன் ஏலத்தில் முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் போன கதையெல்லாம் சொன்னார். "மூணு லட்சம் ரேண்ட் உங்க கைக்கு வரும் அங்கிள்" என்றார். எழுதிக் கொடுத்தது ஒரே வரி, விற்பனைக்குப் பெற்றுக்கொண்டேன் என்று. குறைந்தபட்ச விலை, கெடு, கமிஷன் சதவீதம், எதுவும் அதில் இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. வாங்குபவர் லண்டனில் இருக்கிறார், ஏற்றுமதி அனுமதி தாமதமாகிறது என்றார். இவ்வளவு பழைய ஓவியத்தை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப அரசின் மரபுவள முகமையின் அனுமதி வேண்டும் என்பது உண்மைதான், அதனால் நம்பும்படியாகவே இருந்தது. ஆனால் விண்ணப்ப எண்ணை நான் கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. கீழ் மூலையில் ஈரக்கறை இருக்கிறது, அதனால் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை, அதிலும் சுத்தம் செய்த செலவும் புது ஃபிரேம் செலவும் கழியும் என்றார். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. படத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டதற்கு, போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஒரு ஏலப் பட்டியலில் அதே படத்தைப் பார்த்தேன். மதிப்பீடு ஐந்து முதல் ஏழு லட்சம் ரேண்ட். எந்தக் கறையைக் காட்டி விலையைக் குறைத்தாரோ அந்தக் கறை, மாவிலை அகலத்துக்குப் பழுப்பாக, இடது கீழ் மூலையில் அப்படியே தெரிகிறது. பழைய ஃபிரேமின் பின்னால் சித்தப்பா வாங்கிய கடையின் ஸ்டிக்கரும் பென்சிலில் எழுதிய எண்ணும் இருந்தன, புது ஃபிரேமோடு அவை போய்விட்டன. நல்லவேளை, படத்தின் முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றையும் சித்தப்பாவின் மகள் முன்பே போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அந்தப் போட்டோக்கள் இல்லையென்றால் எங்கள் பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வக்கீல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நமக்காக விற்கிறவர் நம்முடைய ஏஜென்ட். என்ன விலைக்குப் போனது என்பதை மறைத்து நடுவில் லாபம் எடுக்க அவருக்கு உரிமை கிடையாது. "மேல வர்றது எனக்கு" என்ற ஒப்பந்தத்துக்கு நாம் தலையாட்டிவிட்டால்தான் அந்தப் பாதுகாப்பு கையைவிட்டுப் போகிறது. அதனால் கமிஷன் சதவீதமாகவே இருக்கட்டும். வாங்குபவருக்குப் போடும் பில்லின் நகல் எங்களுக்கு வர வேண்டும், முழுப் பணமும் வரும்வரை படம் எங்களுடையது, இந்தத் தேதிக்குள் விற்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். முழுப் பணமும் வரும்வரை படம் உங்களுடையது என்று எழுதவில்லையென்றால், வியாபாரி திவாலாகும்போது அவர் பணம் தர வேண்டிய மற்றவர்களோடு நீங்களும் வரிசையில் நிற்க வேண்டி வரலாம். சின்னத் தொகை வழக்குகளைக் கேட்கும் சிறு உரிமை நீதிமன்றத்தை நம்பவும் வழியில்லை, அங்கே 20,000 ரேண்ட் வரைதான் கேட்க முடியும். பணக் கோரிக்கை பொதுவாக மூன்று வருடத்தில் காலாவதியாகும் என்பதால் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று இழுப்பவர்களுக்கு அவகாசமே கொடுக்காதீர்கள்.

போட்டோக்களையும் அந்த ஒரு வரி ரசீதையும் ஏல நிறுவனத்துக்கு அனுப்பினோம். படத்தை ஏலத்திலிருந்து எடுத்துத் தனியே வைத்திருக்கிறார்கள், தகராறு தீரும்வரை யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம். வியாபாரிமேல் போலீசில் புகார் கொடுத்தாயிற்று. சித்தியின் ஆபரேஷனுக்கு இப்போதைக்கு நாங்கள் உறவினர்கள் சேர்ந்து பணம் போட்டிருக்கிறோம். இதே மாதிரி "கைக்கு இவ்வளவு" ஒப்பந்தத்தில் யாராவது படம் கொடுத்திருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.