நெட்புக்கா, அல்ட்ராபோர்ட்டபிளா: எடையை வைத்து முடிவு பண்ணாதீர்கள்

கையில் தூக்கிப்போகும் சின்ன லேப்டாப்பில் இரண்டு ரகம்: மலிவானது நெட்புக், விலை கூடியது அல்ட்ராபோர்ட்டபிள். ஆனால் ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் நெட்புக், அதற்கு மேலே போனால் லேப்டாப் என்று ராமநாதபுரம் கடைவீதியில் அடித்துச் சொல்கிறார்கள். கீழக்கரைப் பக்கம் வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த ஆட்களைக் கேட்டால், பத்து அங்குலத்துக்குள் இருப்பதெல்லாம் நெட்புக் என்பார்கள். இரண்டு கணக்கும் நிற்காது. நெட்புக் கூத்தைத் தொடங்கி வைத்தது 2007 கடைசியில் வந்த ஆசஸ் ஈ பிசி 701. எடை 920 கிராம், 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு, அமெரிக்காவில் 399 டாலர். 2015-ல் ஆப்பிள் விட்ட 12 அங்குல மேக்புக்கும் அதே 920 கிராம்தான், ஆனால் 1,299 டாலர். ஒரு கிலோ சீலா மீனும் ஒரு கிலோ சூடை மீனும் தராசில் ஒன்றுதான், அதற்காக ஒரே விலைக்கா ஏலம் போகும்?

நான் பிரிக்கும் விதம் வேறு. விலையைக் குறைக்க ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், அந்தப் போக்கில் எடையும் குறைந்துபோனால் அது நெட்புக். எதையும் பெரிதாகக் கழிக்காமல் எடையை மட்டும் குறைக்க வேண்டும் என்று காசை இறைத்திருந்தால் அது அல்ட்ராபோர்ட்டபிள். 2008 ஜனவரியில் வந்த முதல் மேக்புக் ஏர் 1.36 கிலோ, 13.3 அங்குலம், 1,799 டாலர். அதை யாரும் நெட்புக் என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வாங்கினவர் சண்டைக்கு வந்திருப்பார்.

"எல்லா நெட்புக்கும் ஏன் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்துச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. 10.1 அங்குலம், 1024க்கு 600 புள்ளித் திரை, இன்டெலின் மலிவான ஏட்டம் சிப், 1 ஜிபி ரேம். எந்தக் கம்பெனிப் பெட்டியைத் திறந்தாலும் இதேதான். இது தற்செயல் இல்லை. மலிவு விலையில் விண்டோஸ் எக்ஸ்பி தர மைக்ரோசாஃப்ட் நிபந்தனை போட்டது, 1 ஜிபி ரேமைத் தாண்டினால் அந்தச் சலுகை இல்லை. அப்புறம் வந்த விண்டோஸ் 7-ன் மலிவுப் பதிப்பான ஸ்டார்ட்டருக்கும் அதே கதை: திரை 10.2 அங்குலத்துக்குள், ரேம் 1 ஜிபிக்குள், ஹார்ட் டிஸ்க் 250 ஜிபிக்குள். அந்த ஸ்டார்ட்டரில் டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற முடியாது, வாங்கின பொருளில் பிள்ளை படத்தை வைக்க முடியாத கொடுமை. சின்ன மெஷின் ரொம்ப நன்றாக வேலை செய்துவிட்டால் பெரிய லேப்டாப்பை யார் வாங்குவார்கள் என்ற பயம்தான் இந்த வேலிக்கெல்லாம் காரணம் என்பது என் எண்ணம். ஆக நெட்புக்குக்கு எழுத்தில் ஒரு இலக்கணம் இருந்தது என்றால் அது லைசென்ஸ் தாளில்தான் இருந்தது. அல்ட்ராபோர்ட்டபிளுக்கு அப்படி ஒரு உச்சவரம்பே கிடையாது, காசு இருக்கிற வரை ஏற்றிக்கொண்டே போகலாம்.

600 வரி உயரத் திரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஏதாவது ஒரு செட்டிங்ஸ் பெட்டி திறக்கும், அது 768 வரித் திரையை மனதில் வைத்துச் செய்தது, கீழே இருக்கிற ஓகே பட்டன் திரைக்கு வெளியே போய்விடும், பெட்டியின் தலைப்பைப் பிடித்து மேலே இழுத்தாலும் ஓர் அளவுக்கு மேல் நகராது. கடைசியில் டேப் விசையைக் குத்துமதிப்பாகத் தட்டிவிட்டு என்டரை அழுத்துவோம், விழுந்தது ஓகேயா கேன்சலா என்று அப்புறம்தான் தெரியும். 701-ல் 480 வரிதான், அதன் பாட்டை விடுங்கள்.

கீபோர்டு இன்னொரு கதை. இதில் தமிழில் அடிப்பவர்களுக்கு வந்த தொல்லையை இங்கிலீஷில் விமர்சனம் எழுதியவர்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் ஷிப்டோடு சேர்த்து மேல்வரிசையின் இடப்பக்கம் அடிக்க வேண்டியவை. இடது விரல் எழுத்துக்குப் போகும்போது வலது சுண்டுவிரல் ஷிப்டுக்குப் போகும், அதுதான் பழக்கம். 701-ல் வலது ஷிப்ட் ரொம்பச் சின்னது, அதுவும் மேல் அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் தள்ளிக் கிடக்கும். நம் மாவட்டக் கடலோரத்தில் மனு அடிக்க உட்கார்ந்தால் ஷாஜஹான், ஹாஜா, ஜெசிந்தா, ராஜேஸ்வரி என்று இந்த எழுத்துகள் இல்லாமல் ஒரு பக்கம் ஓடாது. ஷிப்ட் என்று நினைத்து விரல் அம்புக்குறியில் விழும், கர்சர் மேல் வரிக்குத் தாவும், 'ஷ' வரவேண்டிய இடத்துக்குப் பதில் முந்தின ஆளின் முகவரி நடுவில், ஷிப்ட் இல்லாமல் அதே விசையில் விழும் ஒரு 'ஈ' வந்து உட்காரும். ஈ பிசி என்று பெயர் வைத்ததற்குப் பொருத்தம்தான். பின்னால் வந்த 10 அங்குல மாடல்களில் விசைகள் கொஞ்சம் பெரிதானதும் தொல்லை குறைந்தது, ஆனாலும் 13 அங்குல அல்ட்ராபோர்ட்டபிளின் முழு அளவு கீபோர்டுக்குப் பக்கத்தில் வராது.

வேகம் பற்றிச் சுருக்கமாக. கிகாஹெர்ட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். நெட்புக்கில் வந்த ஏட்டம் என்270 ஓடுவது 1.6 கிகாஹெர்ட்ஸில். 2009 வாக்கில் மெலிதான லேப்டாப்களில் வந்த கோர் 2 டுவோ எஸ்யூ7300 வெறும் 1.3 தான், ஆனால் ஏட்டத்தை எங்கோ விட்டுவிட்டுப் போய்விடும், இரண்டு கோர் என்பதோடு ஒவ்வொரு கோரும் ஒரு சுற்றில் முடிக்கிற வேலையும் அதிகம். அந்த வகைச் சிப்போடு வந்த 11.6 அங்குல ஏசர் 1810 போன்றவைதான் உண்மையான எல்லைக்கோடு. உருவத்தில் நெட்புக் மாதிரி, உள்ளே முழு லேப்டாப், விலை நடுவில். என்னைக் கேட்டால் அந்தக் காலத்தில் வாங்கியிருக்க வேண்டியது அதைத்தான்.

வம்பு வளர்க்க இரண்டு மாடல் உண்டு. 2009-ல் சோனி விட்ட வயோ பி: 8 அங்குலம், 600 கிராம் சொச்சம், உள்ளே ஏட்டம், விலை 900 டாலர். சிப்பைப் பார்த்து நெட்புக் என்பவர்கள் ஒரு பக்கம், விலையைப் பார்த்து இல்லை என்பவர்கள் மறுபக்கம். என் கணக்குப்படி அது அல்ட்ராபோர்ட்டபிள்தான், ஆனால் மோசமான அல்ட்ராபோர்ட்டபிள். அதே ஆண்டில் வந்த நோக்கியா புக்லெட் 3ஜி நேர் எதிர். அலுமினிய உடம்பு, சிம் போடும் இடம், 1280க்கு 720 திரை என்று வெளியே ஜமீன் தோரணை, உள்ளே 1 ஜிபி ரேமும் ஏட்டமும். ராஜா வேஷம் கட்டிய நெட்புக், அவ்வளவுதான்.

ஆனால் அந்த நோக்கியாவில் மின்விசிறி கிடையாது. நம் கடற்கரைக்கு இது சின்ன விஷயம் இல்லை. மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரைக்கும், இந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. மின்விசிறி உள்ள மெஷின் அந்தக் காற்றை உறிஞ்சி போர்டு மேலேயே ஊதும். திரையைத் தாங்கும் கீல் திருகு துருப்பிடிக்கும், யூஎஸ்பி வாய்க்குள் பச்சை பூக்கும், விசிறி அச்சில் உப்பும் தூசியும் இறுகி ஒரு நாள் கிர்ர் என்று கத்தும். அதனால் கடலோர வீட்டில் மின்விசிறி இல்லாததற்கு நான் கூடுதல் மார்க் போடுவேன். அதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். பழைய நெட்புக்குகள் பலவற்றில் பேட்டரியைக் கையால் கழற்றலாம், ரேமை மாற்றலாம். 2015 மேக்புக் போன்றவற்றில் ரேம், சேமிப்பு எல்லாமே போர்டோடு பற்றவைத்தது, உப்பு ஓர் இடத்தில் அரித்தால் மொத்த போர்டும் போச்சு. அல்ட்ராபோர்ட்டபிள் வாங்குகிறவர் இதையும் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நெட்புக் எப்படிச் செத்தது? 2010-ல் ஐபேட் வந்தது, 2011-ல் இன்டெல் அல்ட்ராபுக் என்று புதுப் பெயரோடு மெலிசான லேப்டாப்களைத் தள்ளியது, 2013-க்குள் கடை காலி. நம் ஊரில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். 2011 செப்டம்பரில் அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கையில் 14 அங்குல மெஷின் வந்தது. சும்மா கிடைக்கும்போது எந்த அப்பா 10 அங்குலத்துக்குக் காசு கொடுப்பார்?

செத்தது பெயர்தான், சரக்கு இல்லை. 2023-ல் வந்த ஜியோபுக்கைப் பாருங்கள்: 11.6 அங்குலம், 990 கிராம், போனில் போடும் வகைச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, 4ஜி சிம், 16,499 ரூபாய். பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் அது அசல் நெட்புக். இதைவிட எரிச்சல் தருவது, மலிவான செலரான் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு போட்டு 14 அங்குல உடம்பில் 'ஸ்லிம் லேப்டாப்' என்று விற்பது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபியும் 64 ஜிபியும்தான். அப்டேட் வரும், இடம் போதாது என்று நிற்கும், எதையாவது அழிப்போம், மறுபடி வரும். நெட்புக்கின் குறை அத்தனையும் இருக்கிறது, அதன் ஒரே நல்ல குணமான சின்ன உருவம் மட்டும் இல்லை.

யாருக்கு எது? ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் கல்லூரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வரும் பிள்ளைக்கு எடை முக்கியம்தான், ஆனால் அது மூன்று வருஷம் தாங்கவும் வேண்டும், கோடிங்கும் ஓட வேண்டும். அதற்கு நெட்புக் வகை வேண்டாம், புது அல்ட்ராபோர்ட்டபிளுக்குக் காசு இல்லையென்றால் கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய 12, 13 அங்குல பிசினஸ் மாடல் ஒன்று, 8 ஜிபி ரேமோடு, பேட்டரியைச் சோதித்து வாங்கிக்கொடுங்கள். விசைப்படகு வைத்திருக்கிறவர் டீசல், ஐஸ், பங்குக் கணக்கைப் போட்டுவைக்க ஜியோபுக் ரகமே தாராளம், கரையில் மீன் கையோடு தொட்டாலும் மனசு பதறாது. இ-சேவை மாதிரி நாள் முழுக்கத் தட்டச்சு என்றால் இரண்டுமே வேண்டாம், டெஸ்க்டாப் போடுங்கள்.

கடைசியாக, 2018-ல் மைக்ரோசாஃப்ட் விட்ட சர்ஃபேஸ் கோ எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு: 10 அங்குலம், பென்டியம் சிப், 399 டாலர் என்று பார்த்தால் 701-ன் அதே விலை, நெட்புக் என்று தோன்றும். ஆனால் அந்த விலையில் கீபோர்டு கிடையாது, அதைத் தனியாக வாங்க வேண்டும். இது டேப்லெட், இந்தத் தகராறிலேயே சேர்த்தி இல்லை.